நீலகிரிக் கோத்தரின் பொது நடனம்

நீலகிரி மலையில் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர், கைத்தொழிலுக்கும் இசைக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவர்கள். ஆடவர் இரும்புக் கருவிகளையும் பெண்டிர் மட்பாண்டங்களையும் செய்து அயலாருக்கு உதவினர். படகர், தோதவர் ஆகியோரின் சாவுச் சடங்குகளில் வாத்தியம் வாசித்தவரும் இவர்களே. இதற்கெல்லாம் நாணயமாகக் கூலி பெறும் வழக்கமில்லை. அறுவடையில் படகர் தானியம் அளந்தனர். தோதவர் நெய் தந்தனர். இன்ன குடும்பத்துக்கு இன்ன குடும்பம் என்ற பிணைப்புத் தலைமுறை தலைமுறையாக நின்றது.

கோத்தரின் பெருவிழா டிசம்பர், ஜனவரி மாதங்களில் நிகழும் கம்பட்டராயர் திருவிழா. கோவிற் கூரைக்கும் பந்தலுக்கும் வேண்டிய மூங்கிலையும் பிரம்பையும் ஊரார் கூடிக் காட்டிலிருந்து கொணர்வது பண்டை வழக்கம். இரவில் நெருப்பு மூட்டி, அதனைச் சுற்றி ஆடவர் வட்டமாக ஆடுவர். நீண்ட வெண்ணிற அங்கி அவர்களுடைய நடன உடை. ஆடவர் ஆடி முடித்த பின்னர் பெண்டிர் தனி வட்டம் கட்டுவர். இந்நடனத்துக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று எவரும் இலர், ஊரே ஆடுகிறது.

ஆயினும் வாத்தியம் எல்லோருக்கும் கைவருவதன்று. ‘கொள்’ என்பது நாகசுரம்போல் சீவாளி வைத்து ஊதும் குழல். கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கினால் மூச்சிழுத்துக்கொண்டே இடையறாது ஊதவேண்டும். பறைகள் அதனோடு இணைந்து அடிக்கு அளவு தருகின்றன. தெய்வத்துக்குரிய மெட்டு வேறு, சாவுக்குரிய மெட்டு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வாசித்தல் ஆகாது. தோதவ ஆடவரோ, வாத்தியமின்றித் தம் குரலையே துணையாகக் கொண்டு வட்டமிட்டு ஆடுவர்.

1930-களில் படகருள் சீர்திருத்தம் விரும்பியோர் கோத்தர் இசையை விலக்க முற்பட்டனர். அதனை வேண்டுமென்ற முதியோரும் இருந்தமையால் பூசல் விளைந்தது. கடைவீதி இரும்புச் சாமான்களும் அக்காலத்தே பெருகின. இவ்வாறு பழைய பண்டமாற்று நலிந்தது. பிறர் வீட்டுச் சாவுக்கு வாசித்தல் கௌரவக் குறைவென்று கோத்தரிலும் பலர் கருதலாயினர். அவர்கள் கருதியதில் நியாயமுண்டு. ஆனால் இளைஞர் பெரியோருடன் சென்று மெட்டுக்களைப் பழகுதற்குரிய வாய்ப்புக்களும் அதனால் குறைந்தன. சொந்த ஊர்த் திருவிழாவும், தம்மவர் சாவுச் சடங்குகளுமே அக்கல்விக்கு எஞ்சிய இடங்கள். அங்கே குழலும் பறையும் இன்றும் ஒலிக்கின்றன.