கையில் அட்டை இருக்கிறது, பில் ஏன் வருகிறது?

"காப்பீட்டு அட்டை இருக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க பணம் கட்டச் சொல்றீங்க?" கோவையில் பெரிய தனியார் மருத்துவமனை எதற்குப் போனாலும் பில் கட்டும் இடத்தில் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் மேல் தப்பில்லை. எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை அந்த அட்டையில் எங்கும் அச்சிடவில்லை.

அது என்ன அட்டை? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-ல் பெயரும் வடிவமும் மாறியது. 2018-ல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை.

அப்படியானால் பில் எதற்கு? திட்டத்தின் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே அது பணம் கொடுக்கும். பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்துகொள்ளும் ஆபரேஷன், இதய அடைப்பு, புற்றுநோய் போன்றவை. காய்ச்சலுக்கு டாக்டர் ஃபீஸ், மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, புறநோயாளியாக (சேராமல் பார்த்துவிட்டுத் திரும்புபவராக) எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை எல்லாம் உங்கள் பைதான்.

இன்னொன்றும் உண்டு. திட்டத்தில் இருக்கும் மருத்துவமனையிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. கண்ணுக்கு உண்டு என்றால் எலும்புக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சேருவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவு மேசைக்குப் போய், "இந்த ஆபரேஷனுக்கு, இந்த ஆஸ்பத்திரியில், இந்த அட்டை செல்லுமா?" என்று கேளுங்கள். முன் அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 104 உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

சரி, இதையெல்லாம் யார் நடத்துகிறார்கள்? பிரிட்டனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 1948 முதல் வரிப்பணத்தில் ஒரே தேசிய சேவை. ஊர் டாக்டரிடம் பெயர் பதிந்துவிட்டால் மேல் சிகிச்சைக்கு அவரே அனுப்புவார். நம் நாட்டில் மருத்துவமனைகள் மாநில அரசின் பொறுப்பு, காப்பீடு ஒரு பக்கம், தொழிலாளர் மருத்துவம் இன்னொரு பக்கம், தனியார் தனி. எந்த வாசலுக்குப் போவது என்று நோயாளியே கண்டுபிடிக்க வேண்டும். நம் அமைப்பின் பெரிய குறை இதுதான் என்பேன்.

அரசு மருத்துவமனைகளாவது ஒன்றுதானே? அதுவும் இல்லை. ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கையில். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. வட்ட மருத்துவமனைகளும் பொள்ளாச்சி தலைமை மருத்துவமனையும் வேறொரு இயக்குநரகம். திருச்சி சாலையில் உள்ள கோவை ஜி.எச். மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். அதனால் பரிந்துரைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம் எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முந்தைய இடத்தில் நடந்தது அடுத்த இடத்துக்குத் தானாகத் தெரியும் என்று நம்ப முடியாது.

ஜி.எச்.-இல் ஏன் அவ்வளவு கூட்டம்? நீலகிரி, திருப்பூர், கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் என்று எல்லாரும் அங்கேதான் வருகிறார்கள். போதாததற்கு, சளிக்கும் இருமலுக்கும் நாமும் நேராக அங்கே போய் நிற்கிறோம். 2022-ல் திருப்பூரிலும் ஊட்டியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. ஆனால் வால்பாறைக்காரருக்கு இன்னும் 64 கிலோமீட்டரும் 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கினால்தான் பொள்ளாச்சி. அவசரத்தில் அந்தத் தூரத்துக்கு எந்த அட்டையும் பதில் சொல்லாது.

மாத்திரைச் செலவைக் குறைக்க வழி உண்டா? உண்டு, பலரும் விட்டுவிடுவது இதைத்தான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 2021-22-ல் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். ஆனால் சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். "கவர்மென்ட் மாத்திரை கேட்குமா?" என்ற சந்தேகம் வரும். உறையில் 'விற்பனைக்கு அல்ல' என்று இருக்கும் அந்த மாத்திரையை 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரம் சோதித்து அனுப்புகிறது. பெட்டி பளபளப்பாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் மெட்ஃபார்மின்தான். சில நாள் சில மருந்து இருப்பில் இருக்காது என்பதும் உண்மை. தீர்ந்துபோவதற்குப் பத்து நாள் முன்பே போங்கள்.

மில்லிலோ பனியன் கம்பெனியிலோ வேலையா? அப்படியானால் முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம் போகிறதென்றால், முதலாளியும் 3.25 சதவீதம் கட்டுகிறார் என்று பொருள். தமிழ்நாட்டில் இத்திட்டம் 1955-ல் முதலில் வந்தது கோவைக்குத்தான். மில் ஊர் அல்லவா! இதில் புறநோயாளி சிகிச்சை, மருந்து, மனைவி மக்களுக்கான வைத்தியம் எல்லாம் சேரும். சிங்காநல்லூரில் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது வேலை செய்து பணம் கட்டியிருந்தால், நோயால் லீவு எடுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும். சீட்டில் பிடித்தமே இல்லையா? கம்பெனியில் கேளுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டோடு தறி ஓட்டுபவர்களில் பலர் இந்த வளையத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல்வர் காப்பீடே கதி.

சாலை விபத்து என்றால்? 108-ஐக் கூப்பிடுங்கள். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். அட்டை வேண்டாம், வருமானம் கேட்கக் கூடாது, பீகார் தொழிலாளியாக இருந்தாலும் பொருந்தும்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், ரேஷன் கார்டும் ஆதாரும் வருமானச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றிதழ் கைக்கு வரவே சில நாள் ஆகும். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும் இந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.