தனியாக வாழாத சிறுமீன்

கடைக்குச் சென்ற பிள்ளை வண்ண மீனைக் கண்டு அடம்பிடிக்கும். தந்தையார் இரண்டு மீன்களையும் ஓர் உருண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தையும் வாங்கிக் கொடுப்பார். பத்து நாள் கழியுமுன் இரண்டும் வெண்வயிறு தெரிய மிதக்கும். பிள்ளை அழும், “நமக்கு மீன் வளர்க்க இராசியில்லை” என்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறுவர். இராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அம்மீன்களை வருத்தியவை தனிமையும் நீருமேயாம்.

உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் ‘செரி பாப்’ என்னும் செம்மீன் நம் இலங்கைக்கே உரியது என்பதை நம்மவர் பலர் அறியார். களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள ஈரவலயத்தின் நிழல் படர்ந்த ஓடைகளே அதன் பிறப்பிடம். சிங்கள மக்கள் ‘லே தித்தயா’ என்பர். ‘லே’ என்றால் இரத்தம். 1929ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல அதனை அறிவியலுலகுக்கு விவரித்தபோது அச்சிங்களப் பெயரையே இனப்பெயராக வைத்தார். முழு வளர்ச்சியிலும் 5 சென்ரிமீற்றர் அளவே இருக்கும்.

இத்தகைய மீன் கூட்டத்தோடு திரிவது அழகுக்காக அன்று. பத்து மீன்கள் ஒருங்கே திரும்பும்போது பகைவனுக்கு எதைப் பிடிப்பதென்று தெரியாது. கூட்டத்தை இழந்த மீன் எப்போதும் அச்சத்தில் இருக்கும், செடி மறைவில் ஒடுங்கும், உண்ணாது, நிறமும் வெளிறும். ஆண்மீனின் செந்நிறம் பிற ஆண்களும் பெண்களும் சூழ இருக்கும்போதுதான் பொலியும். ஆகவே ஆறுக்குக் குறைய வாங்குதல் கூடாது, பத்தானால் நன்று. ஓர் ஆணுக்கு இரு பெண் என்ற கணக்கு சண்டையைக் குறைக்கும். தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளமேனும் வேண்டும். உருண்டைப் பாத்திரம் ஊறுகாய்க்கு உதவலாம்.

இனி நீர். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரே மீனைக் கொல்லக்கூடும். கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா தோன்றுகிறது. சந்தையில் மீன் வாங்குவோர் விரித்துப் பார்க்கிறார்களே, அந்தச் சிவந்த பூவை அது அரித்துவிடும். நற்பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை வடிகட்டியின் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை மீன் விடாமல், நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இட்டு வடிகட்டியை ஓடவிடுக. பிள்ளைகளுக்குப் பொறுமை இராதுதான். பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் சிறிது பஞ்சு கேட்டுப் பெற்றால் காலம் குறையும். அப்பஞ்சைக் குழாய் நீரிற் கழுவலாகாது. குளோரீன் பற்றீரியாக்களை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும்.

யாழ்ப்பாணத்தார்க்கு இன்னொரு செய்தி. நம் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறுவன. நீர் வன்மையும் காரமும் உடையது. இம்மீனின் தாய்நீரோ மென்னீர். காரநீரில் அமோனியாவின் நஞ்சும் மிகும். வெப்பம் ஏறினால் மேலும் மிகும். எனவே கார்த்திகை மழையில், கூரை நன்கு கழுவப்பட்ட பின் விழும் நீரைச் சேமித்து, கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலப்பது நலம். கொழும்பிலுள்ளோர் குழாய் நீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரீன் பெரும்பாலும் ஆவியாகும். கிழமைக்கொரு முறை காற்பங்கு நீரை மாற்றுக. முழுவதையும் ஒருங்கே மாற்றுவது கொடுமை.

உணவு இரண்டு நிமிடத்தில் தின்று தீருமளவே போதும். வாளியில் நெளியும் நுளம்புக் குடம்பிகளைக் கொடுத்துப் பாருங்கள்; மீனுக்கும் விருந்து, வீட்டாருக்கும் நன்மை. வாங்கும்போது ஓடையிற் பிடித்தவையா, பண்ணையில் வளர்த்தவையா என்று கேளுங்கள். பண்ணை மீனே நம் நீருக்கு எளிதில் இணங்கும். ஓடையின் மீன் ஓடையிலேயே இருக்கட்டும்.