வலி நின்ற பல்

பல்வலி தானாகவே நின்றுவிட்டதென்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு நாம் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டேரிக்குப்பம் போன்ற நம் புதுவைக் கிராமங்களில், சொத்தைப் பல்லில் கிராம்பை அடக்கிக்கொண்டும், கண்டங்கத்தரி விதைப் புகையைப் பிடித்தும் நாட்களைக் கடத்துவது பழைய வழக்கம். சில தினங்களில் வலி அடங்கினால், "பூச்சி செத்தது" என்பார்கள். பல சமயங்களில் செத்தது பூச்சியன்று, பல்லின் உயிரே.

பூச்சிதான் பல்லை அரிக்கிறதென்ற கொள்கையைப் பிரெஞ்சு தந்த வைத்தியர் பியேர் பொஷார் 1728-இல் வெளியிட்ட தம் நூலிலேயே மறுத்திருக்கிறார். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே எனாமலைக் கரைக்கிறது. குழி ஆழமாகி, நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய நடுக்கூழை எட்டினால் கடும் வலி உண்டாகிறது. கூழ் மடிந்ததும் வலி நிற்கலாம். ஆனால் கிருமிகள் வேரின் வழியே தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

குளிர்ந்த நீர் பட்டுக் கூசி உடனே அடங்கினால், பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். கூச்சம் வெகுநேரம் நீடித்தாலும், காப்பியின் சூட்டில் வலித்தாலும், இரவில் தூக்கம் கெட்டாலும், பல் கறுத்தாலும், ஈற்றில் சீழ்க்கட்டி தோன்றினாலும் வேர்ச் சிகிச்சை அவசியமாகலாம். அதைப் பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் தெரிவிக்கும்.

'ரூட் கனால்' என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லில் சிறு துவாரமிட்டு, மெல்லிய அரங்களால் கெட்ட கூழை அகற்றுகிறார்கள். வேர்க்குழாய்களை மருந்து நீரால் கழுவி, மலாய் நாட்டு மரப்பாலிலிருந்து வந்த கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் அடைக்கிறார்கள். முன்பல்லுக்குச் சாதாரணமாக ஒரு குழாய். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னர் உறை போடுவது பெரும்பாலும் அவசியம். இல்லாவிடில் மெல்லும்போது பிளந்துவிடக்கூடும்.

பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. வேர் பிளந்திருந்தால் அதுவே வழி. மற்றபடி, பிடுங்கிய இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, மெல்லும் சக்தி குறையும். மாத்திரைகள் மட்டும் செத்த கூழை அகற்றமாட்டா. முகம் வீங்கிச் சுரமும் விழுங்கச் சிரமமும் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

புதுவைக் கோரிமேட்டில் மகாத்மா காந்தியின் பெயரால் அரசாங்கப் பல் மருத்துவ நிலையம் இருக்கிறது. வலித்தபோது போகாதவர்கள், வலி நின்ற பிறகாவது போய்க் காட்டுவது நலம்.