இருளும் நிறமும்: கயோட்டி வேட்டை பற்றிய சில சிந்தனைகள்

விலங்கைத் தேடிச் செல்வது ஒருவகை வேட்டை. விலங்கைத் தன்னிடம் வரவழைப்பது மற்றொரு வகை வேட்டை. முன்னையதற்கு வேண்டுவன காலும் கண்ணும். பின்னையதற்கு வேண்டுவது குரல். நரியைப் போல ஊளையிட்டு நரியை அழைத்துப் பிடிப்பதில் வல்லவராயிருந்தமையாலேயே தமிழகத்து நரிக்குறவர் அப்பெயர் பெற்றனர் என்பர். இதே கலை வட அமெரிக்காவிலே பெருந்தொழிலாகவும் பெரும்பொழுதுபோக்காகவும் வளர்ந்திருக்கின்றது. அங்கு அழைக்கப்படும் விலங்கின் பெயர் கயோட்டி.

கயோட்டி நம் நாட்டு நரிக்கு நெருங்கிய உறவு. உருவில் நரியிலும் சற்றுப் பெரியது; ஓநாயிலும் சிறியது. மெக்சிக்கோவின் பழங்குடி மொழியாகிய நாவாற்றில் வழங்கிய சொல் ஸ்பானியர் வாயிலாக ஆங்கிலத்திற் புகுந்து அதற்குப் பெயராயிற்று. 1823ஆம் ஆண்டில் தோமஸ் சே என்னும் இயற்கை நூலறிஞர் அதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பொருள் 'குரைக்கும் நாய்' என்பதாகும். குரலாற் பெயர் பெற்ற விலங்கு குரலாலேயே மடிகின்றது என்பது விதியின் விளையாட்டுப் போலும்!

நான் வேட்டைக்காரன் அல்லேன். துவக்கைத் தோளில் ஏந்தியறியேன். எனினும் இந்த இரவு வேட்டையைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒரு வினா என்னை விடாது தொடர்ந்து வந்தது. இருளிலே குரல் கொடுத்து அழைப்பவன், வந்து நிற்பது யார் என்பதை அறிவானா? இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியதே.

அழைக்கும் கலை

அழைப்பின் அடிப்படை மிக எளிது. பிடிபட்ட முயல் சாகுமுன் எழுப்பும் கீச்சுக்குரல், பசித்த கயோட்டிக்கு விருந்தழைப்பாகும். மரத்தினாலோ பிளாத்திக்கினாலோ ஆன சிறு குழலினுள் மெல்லிய நாக்கொன்றைப் பொருத்தி ஊதினால் அக்குரல் பிறக்கும். டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பேர்ணம் சகோதரர்கள் 1950களில் இத்தகைய குழல்களைச் செய்து விற்று நாடெங்கும் பெயர் பெற்றனர். அதே மாநிலத்து வேக்கோ நகரினரான ஜானி ஸ்டூவர்ட், உயிருள்ள விலங்குகளின் அவலக் குரல்களைப் பதிவு செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். மக்கள் பாடல் கேட்ட கருவியிலே முயலின் மரண ஓலம் ஒலித்தது. இன்றோ நூற்றுக்கணக்கான குரல்கள் கையளவு கருவியொன்றில் அடங்கிவிடுகின்றன. ஒலிபெருக்கியைத் தொலைவில் வைத்துவிட்டு, வேட்டைக்காரன் வேறிடத்தில் மறைந்திருந்து அதனை இயக்குகின்றான். வரும் விலங்கின் கண் குரலை நோக்கியிருக்கும், அவனை நோக்கியிராது.

ஆயினும் கயோட்டி எளிதில் ஏமாறும் விலங்கன்று. காதை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்றல் அரிது. குரல் கேட்ட திசைக்கு அது நேரே ஓடி வருவதில்லை. பெரும்பாலும் வட்டமிட்டு, காற்று வீசிச் செல்லும் பக்கத்தை அடைந்து, மோப்பம் பிடித்த பின்னரே நெருங்கும். ஆகவே தேர்ந்த வேட்டைக்காரன் முதலிற் பார்ப்பது காற்றை. தன் மணம் எத்திசையிற் செல்லும், விலங்கு எவ்வழியே சுற்றிவரும் என்று கணித்த பின்பே இருக்கை கொள்வான். முதலில் மெல்லிய குரல், பின்னர் சற்று உரத்த குரல், பின்னர் மௌனம். பதினைந்து இருபது நிமிடம் அசையாதிருந்து, ஒன்றும் வராவிடின் எழுந்து வேறிடம் செல்வான்.

பருவத்திற்கேற்பக் குரலும் மாறும். மாரியின் பிற்பகுதி கயோட்டிகள் இணைசேருங் காலம். அப்போது முயலின் ஓலத்திலும் அயற் கயோட்டியின் ஊளையே வலியது. தன் எல்லையுள் அந்நியன் புகுந்தான் என்று சினந்து இணைகள் ஓடிவரும். குட்டிகள் பிறந்த பின்னர், குட்டியின் அலறலைக் கேட்டால் தாயும் தந்தையும் தம்மை மறந்து வருவர். பசியைக் கொண்டும் அழைக்கலாம், காமத்தைக் கொண்டும் அழைக்கலாம், பாசத்தைக் கொண்டும் அழைக்கலாம். இதைப் படித்தபோது, அழைப்பவனின் திறமையை வியப்பதா, அழைக்கப்படும் உயிரின் நிலைக்கு இரங்குவதா என்று என் நெஞ்சம் தடுமாறிற்று.

நிறமிழக்கும் இரவு

இரவு வேட்டைக்கு ஒளி வேண்டும். வெண்ணிற விளக்கு விலங்கை வெருட்டும் என்பதனால் வேட்டைக்காரர் பலர் சிவப்பு விளக்கை நாடினர். நாயினத்தின் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகவே தெரியும். ஒளி பட்டதும் இருளில் இரு கண்கள் தீப்பொறி போல மின்னும். விழியின் பின்புறத்திலுள்ள படலம் ஒளியைத் திருப்பியனுப்புவதே அதற்குக் காரணம். வேட்டைக்காரன் முதலிற் காண்பது விலங்கையன்று, அவ்விரு பொறிகளையே.

பின்னர் உடற் சூட்டையே உருவமாகக் காட்டும் தொலைநோக்கிகள் வந்தன. அவற்றினூடு நோக்கினால் குளிர்ந்த வயல் கருமையாகவும், சூடான உடல் வெண்மையாகவும் தோன்றும். எவ்வளவு அடர்ந்த இருளாயினும் விலங்கு தப்பாது. ஆனால் இக்கருவிக்கு நிறம் என்பது ஒன்றில்லை. கறுத்த கயோட்டியும் வெளுத்த கயோட்டியும் செம்மை படர்ந்த கயோட்டியும் அதற்கு ஒரே வெண்ணிற உருவம். விலங்கு வீழ்ந்த பின்னர் வேட்டைக்காரன் விளக்குடன் வயலிலே நடந்து சென்று குனிந்து பார்க்கின்றான். அப்போதுதான் தான் கொன்றதன் நிறம் அவனுக்குத் தெரிகின்றது.

கறுப்பும் வெள்ளையும்

கயோட்டியின் இயல்பான நிறம் சாம்பலும் பழுப்பும் கலந்தது. முதுகு மயிர்களின் நுனி கருமை. காதும் காலும் செம்மை. கழுத்தும் வயிறும் வெளிறியவை. இதற்கு மாறாக உடல் முழுதும் கருமையானவை தென்கிழக்கு மாநிலங்களில் இடையிடையே காணப்படுகின்றன. இக்கருமை எங்கிருந்து வந்தது? 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. வட அமெரிக்க ஓநாய்க்கும் கயோட்டிக்கும் கருமையைத் தரும் பரம்பரையலகு, மனிதரோடு வாழ்ந்த வீட்டு நாயிடமிருந்து கலப்பினால் வந்து சேர்ந்தது என அது காட்டிற்று. காட்டு விலங்கின் மேனியிலே வீட்டு முற்றத்தின் நினைவு கறுப்பாகப் படிந்திருக்கின்றது.

வெள்ளையின் கதை இன்னும் சுவையானது. கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவிலே முன்னர் கயோட்டி இருந்ததில்லை. 1980களின் நடுப்பகுதியில் உறைந்த கடலின்மேல் நடந்து அவை அத்தீவை அடைந்தன எனக் கருதப்படுகின்றது. பின்னர் அங்கே பனிபோல வெளுத்த கயோட்டிகள் சில காணப்பட்டன. இவை நிறமற்றுப் பிறக்கும் வெண்பிறவிகள் அல்ல. 2013இல் வெளியான ஆய்வு, பொன்னிற மயிருக்குப் பெயர்பெற்ற கோல்டன் ரிட்ரீவர் நாயிடம் உள்ள அதே பரம்பரையலகு மாற்றம் இவற்றிடம் இருப்பதைக் கண்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அம்மாற்றத்தைப் பெற்ற குட்டியே வெள்ளையாகின்றது. ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றது, ஏனைய கயோட்டிகளைப் போலவே தோன்றித் தன்னுள்ளே அவ்வெண்மையை மறைத்து வைத்திருக்கின்றது.

வடகிழக்கு மாநிலங்களிலே வாழும் கயோட்டிகள் மேற்கிலுள்ளவற்றிலும் பருத்தவை. அவற்றின் பரம்பரைச் சொத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே கயோட்டியினது. கால் பங்கு ஓநாயினது. பத்தில் ஒரு பங்கு நாயினது என 2014இல் வெளியான ஆய்வு கணித்தது. ஓநாய்களை மனிதர் கொன்றொழித்தபோது வெறிதாய்க் கிடந்த காடுகளிலே கயோட்டி குடியேறியது; குடியேறும் வழியில், இணை கிடையாது தனித்திருந்த ஓநாய்களோடு கலந்தது. ஆகவே தோலின் நிறமும் உடலின் பருமனும் வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. அவை எழுதா வரலாறுகள். அவ்வரலாற்றை இருளிலே வாசிக்க இயலாது.

செவ்வோநாயின் வழக்கு

வாசிக்க இயலாமையால் நேரும் கேடு யாது என்பதற்கு வட கரோலினா மாநிலம் சான்று. செவ்வோநாய் என்பது தென்கிழக்கு அமெரிக்காவிற்கே உரிய ஓரினம். கொலையினாலும் காடழிவினாலும் அது குன்றிற்று. டெக்சாஸ், லூசியானாக் கரையோரத்தில் எஞ்சியவற்றை 1970களிலே பிடித்து ஆராய்ந்தபோது, பல கயோட்டியோடு கலந்தவையாயிருந்தன. கலப்பற்றவை எனத் தெரிந்தெடுக்கப்பட்ட பதினான்கு விலங்குகளே இன்றுள்ள செவ்வோநாய்கள் அனைத்திற்கும் மூதாதையர். 1980இல் அவ்வினம் காட்டில் அற்றுப்போயிற்று என அறிவிக்கப்பட்டது. 1987இல் கூட்டில் வளர்ந்தவற்றை வட கரோலினாவின் அலிகேற்றர் ஆற்றுச் சரணாலயத்தில் மீண்டும் விட்டனர். அவை பெருகி ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்டன.

அப்பொழுது கயோட்டியும் அங்கு வந்து சேர்ந்தது. கயோட்டியின் எடை 20 முதல் 45 இறாத்தல் வரை. செவ்வோநாயின் எடை 45 முதல் 80 இறாத்தல் வரை. அருகருகே பகலில் நிறுத்தினால் வேறுபாடு புலப்படும். இளம் ஓநாயையும் முதிர்ந்த கயோட்டியையும் நள்ளிரவில் இருநூறு யாருக்கு அப்பால் வைத்துப் பிரித்தறிதல் எவராலாகும்? ஓநாயின் மேனியிலுள்ள செம்மை விளக்கொளியிலும் உதவாது, வெப்பத்தைக் காட்டும் கருவியிலும் உதவாது.

2012இலும் அதனையடுத்த ஆண்டிலும் அம்மாநிலம் இரவிலே விளக்கின் துணையுடன் கயோட்டி வேட்டையாட இடமளித்தபோது வனவிலங்குப் பாதுகாப்பாளர் வழக்குத் தொடர்ந்தனர். 2014 மே மாதத்தில் சமஷ்டி நீதிமன்றம் ஓநாய் வாழும் ஐந்து மாவட்டங்களிலே கயோட்டி வேட்டையைத் தடுத்தது. அவ்வாண்டின் இறுதியில் ஏற்பட்ட இணக்கத்தின்படி அம்மாவட்டங்களில் இரவு வேட்டை விலக்கப்பட்டது. பகல் வேட்டைக்கு அனுமதிச்சீட்டு வேண்டுமென்றாயிற்று.

தவறிக் கொன்ற ஓநாய் ஒன்றோடு இழப்பு முடிவதில்லை என்பதையும் வாசகர் உணர்தல் வேண்டும். இணையை இழந்த ஓநாய் தன்னினத்து வேறோர் இணை கிடையாதவிடத்துக் கயோட்டியோடு கூடுகின்றது. பிறப்பது கலப்புக் குட்டி. இதனைத் தடுக்க அறிஞர் ஓர் உபாயம் கண்டனர். கயோட்டிகளைப் பிடித்து மலடாக்கி மீண்டும் விட்டனர். அவை தம் எல்லையைத் தாமே காத்து வேறு கயோட்டி புகாது தடுக்கும். ஆயின் குட்டி ஈனா. எனவே அங்கே ஒரு கயோட்டியைச் சுடுபவன் ஓநாயின் காவலாளியையே சுட்டவனாகவுங் கூடும். இந்நாட்களில் அச்சரணாலயத்து ஓநாய்களுக்குச் செம்மஞ்சள் நிறக் கழுத்துப் பட்டிகள் அணிவிக்கப்படுகின்றன. இயற்கை அளித்த செம்மை காப்பாற்றாதபோது மனிதன் இரவல் நிறமொன்றை அளிக்கின்றான். காட்டில் அவற்றின் தொகை இப்போது மிகச் சிறிது. அண்மை ஆண்டுகளில் இருபதையொட்டியே நின்றது.

மறுபக்கம்

ஆட்டுப் பண்ணையாளரின் குறையையும் சொல்லாதுவிடல் நேர்மையன்று. குட்டியீனும் காலத்தில் விடியலில் தொழுவத்துக்குச் சென்று, கிழிபட்ட குட்டிகளைக் காண்பவனுக்குக் கயோட்டியின் வரலாறு ஆறுதல் தராது. அவனது கோபம் மெய்யானது. ஆயினும் கொலையே மருந்தாயின் நோய் எப்போதோ தீர்ந்திருக்கும். 1931இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டத்தின் கீழ் நஞ்சும் பொறியும் துவக்கும் பெருமளவிற் பயன்பட்டன. 1972இல் சமஷ்டி நிலங்களில் நஞ்சிடல் தடுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் மாத்திரம் சமஷ்டி அரசின் வனவிலங்குச் சேவை கொன்ற கயோட்டிகளின் தொகை 64,000க்கு மேற்பட்டது. தனியார் வேட்டை இதிற் சேராது. இத்தனைக்குப் பின்னும் முன்னர் மேற்குச் சமவெளிகளிலும் மெக்சிக்கோவிலும் வாழ்ந்த விலங்கு, இன்று கண்டத்தின் இரு கடற்கரைகளையும் எட்டி, சிகாகோப் பெருநகரின் தெருக்களிலும் உலாவுகின்றது. தெற்கே பனாமாவரை சென்றுவிட்டது. எண்ணிக்கை குறைந்த இடத்தில் எஞ்சியவற்றுக்கு உணவு மிகுகின்றது. ஈனும் குட்டிகளிற் கூடுதலானவை பிழைக்கின்றன. காவல் நாய்களும் இரவுத் தொழுவமும் துவக்கிலும் சிறந்த காப்பென்று கண்ட பண்ணையாளரும் உளர்.

கயோட்டி அழியப்போவதில்லை, அதற்காக நான் வருந்தவில்லை. என் வருத்தம் வேறு. 2018இல் டெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்டன் தீவிலே வாகனத்தில் அடிபட்டு இறந்த நாயின விலங்குகளின் தசையை ஆராய்ந்தபோது, காட்டில் அற்றுப்போயிற்றென்று எண்ணிய செவ்வோநாயின் பரம்பரையலகுகள் அவற்றிலே கிடந்தன. கூட்டில் வளர்ந்தவற்றிடங் கூட இல்லாத சிலவும் இருந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு அவை வெறும் கயோட்டிகளே. இவ்வாறே இழந்த செல்வம் எத்தனை எளிய தோல்களுள் மறைந்து உலாவுகின்றதோ!

அழைப்பு என்பது ஒரு பொறுப்பு. 'வா' என்று அழைத்தவன், வந்தது யாரென்று அறியும்வரை கையை அடக்கி வைத்தல் வேண்டும். நிறந் தெரியாத இரவில் அவ்வடக்கம் இரட்டிப்பாக வேண்டும். வேட்டைக்கு மாத்திரமன்றி, முகந் தெரியாதாரைப் பெயரிட்டுத் தீர்ப்பிடும் நம் எல்லோர்க்கும் இது பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகின்றது.