விமானம் ஏறும் இன்சுலின்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகின்றன. ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் ஆலை 2010-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் பணிபுரிவோர் சிலர் கொரியா, ஜப்பான் போன்ற நாடுகளுக்குப் போய் வருகிறார்கள். அவர்களுள் நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவரும் இருப்பார். அவர் உங்கள் தந்தையாகவோ சித்தப்பாவாகவோகூட இருக்கலாம். பயணத்துக்கு மூட்டை கட்டும்போது இன்சுலினை எதில் வைப்பது? விமானத்தின் அடியில் ஏற்றும் பெரிய பெட்டியிலா, கைப்பையிலா? இதற்கு இயற்பியல் என்ன விடை சொல்கிறது என்று பார்ப்போம்.

சூடும் ஆகாது, உறைவதும் ஆகாது

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகக் கோக்கப்பட்டு, ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கின்றன. அந்த வடிவம் குலைந்தால் மருந்தின் ஆற்றலும் போய்விடும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தபின் மீண்டும் நீர்மமாவதில்லை அல்லவா? அதுவும் புரதத்தின் வடிவம் குலைவதுதான். வெப்பத்தைப் போலவே உறைதலும் இன்சுலினைக் கெடுக்கும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கக்கூடும். ஆனால் ஊசி போட்டாலும் சர்க்கரை எதிர்பார்த்தபடி குறையாது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஆகவே திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கிறோம். பயன்படுத்தத் தொடங்கியதை ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே வைத்திருக்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. வகைக்கு வகை இது மாறும் என்பதால் உறையில் அச்சிட்டுள்ளதைப் படிக்கவேண்டும்.

பெட்டியா, கைப்பையா?

விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே சுமார் 56 டிகிரி. காற்றழுத்தமோ கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. பயணிகளின் அறையில் அழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள். ஆனாலும் அது கடல்மட்ட அளவுக்கு வருவதில்லை. 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். உதகமண்டலத்தின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அதாவது, மீனம்பாக்கத்தில் ஏறியவர் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய உதகைக் காற்றைச் சுவாசிக்கிறார்!

சரக்கறையிலும் அழுத்தம் இதுவேதான். வெப்பநிலைதான் வேறு. பயணிகள் அறையைப்போல அங்கே எல்லா இடமும் ஒரே சீராக இருப்பதில்லை. சுவரோரம் கிடக்கும் பெட்டி மிகவும் குளிர்ந்துபோகலாம். அதற்கு முன்னரே, ஏற்றப்படும்வரை மே மாத வெயிலில் தளத்தில் காய்ந்திருக்கவும் கூடும். பெட்டி வழிதவறி வேறு ஊருக்குப் போனால் மருந்தும் அதனோடு போய்விடும். எனவே இன்சுலின் கைப்பையிலேயே இருக்கவேண்டும்.

பாயில் விதியின் வேலை

அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் கூடும் என்கிறது பாயில் விதி. அழுத்தம் முக்கால் பங்கானால், பருமன் மூன்றில் நான்கு பங்காகும். இருமல் மருந்துப் புட்டியில் மருந்துக்கு மேலே 30 மில்லிலிட்டர் காற்று இருந்தால் அது 40 மில்லிலிட்டராக விரிய முயலும். மூடி தளர்வாக இருந்தால் மருந்து கசியும். புட்டியை இறுக மூடி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, நிமிர்த்தி வையுங்கள்.

இன்சுலின் பேனாவில் ஊசியை மாட்டியபடியே விட்டாலும் இதுதான் நடக்கும். மேலே ஏறும்போது உள்ளேயிருக்கும் காற்றுக்குமிழி விரிந்து மருந்தை வெளியே தள்ளும். இறங்கும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பிறகு அளவு பிசகும். ஆகவே போட்டு முடிந்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும்.

பனிக்கட்டி எச்சரிக்கை

ஒரகடத்திலிருந்து விமான நிலையம் போகும்வரை குளிர்ச்சி வேண்டுமே என்று பலர் பனிக்கட்டியின் மேலேயே குப்பியை வைத்துவிடுகிறார்கள். பனிக்கட்டி என்றால் 0 டிகிரி என்று நினைக்கிறோம். அது உருகும்போதுதான் 0 டிகிரி. வீட்டு ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்தது, பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரிவரை குளிர்ந்திருக்கும். அதைத் தொடும் இன்சுலின் உறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கனமான துணி இருக்கட்டும்.

மண்பானைத் தத்துவமும் கைகொடுக்கும். 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அது சுற்றியுள்ள பொருளிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஈரத்தால் குளிரும் இன்சுலின் பைகள் இவ்வாறே இயங்குகின்றன. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மட்டும் இவற்றின் குளிர்ச்சி குறையும்.

சோதனைச் சாவடியில்

பன்னாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் புட்டிகளுக்குத் தடை உண்டு. பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு விலக்கு உண்டு. இன்சுலின் குப்பியோ 10 மில்லிலிட்டர்தான். மருந்தை அதன் சொந்த உறையிலேயே, மருத்துவரின் சீட்டுடன் கொண்டுபோவது நல்லது. ஜப்பான் போன்ற நாடுகளில் சில சளி மருந்துகளுக்கே கட்டுப்பாடு உள்ளதால் முன்கூட்டியே விசாரிக்கவேண்டும். டோக்கியோவில் கடிகாரம் நம்மைவிட 3½ மணி முந்தி ஓடுகிறது. ஊசி போடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரே சொல்லவேண்டும்.

செய்து பாருங்கள்

அடுத்தமுறை உதகைக்குப் போனால், காலியான மெல்லிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றை அங்கே இறுக மூடி, மேட்டுப்பாளையம்வரை கொண்டுவாருங்கள். இறங்க இறங்கப் புட்டி ஒடுங்குவதைக் காண்பீர்கள். ஏன் ஒடுங்கியது என்று வீட்டில் விளக்கிச் சொல்லுங்கள். பிறகு, பயணம் போகும் பெரியவரின் இன்சுலின் எந்தப் பையில் இருக்கிறது என்று கேளுங்கள்.