குளக்கோட்டனும் எண்ணிக்கையும்: ஐயத்திற்குரிய தரவுகளில் மீள்வரவு

தம்பலகாமத்து வயல்களுக்கு நீரளிக்கும் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தவன் குளக்கோட்டன் என்பது அவ்வூர் வழக்கு. கோணேசர் கல்வெட்டும் (பெயர்தான் கல்வெட்டு, உண்மையில் அது செய்யுளும் உரைநடையும் விரவிய ஏடு) திருக்கோணாசல புராணமும் அவனையே போற்றுகின்றன. சூளவம்சத்தைச் சான்றாகக் கொள்வோர் குளத்தை 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாக்குவர்.

இத்தகைய ஐயத்திற்குரிய மூலங்களில் ஒரு செய்தியின் மீள்வரவை எவ்வாறு கணிப்பது? சூயி, காவ், ஹங் என்னும் கணினியியலாளர் 2007இல் முன்வைத்த முறை எளியது. செய்தி வருமிடந்தோறும் ஒன்று என எண்ணாது, அது மெய்யாவதற்கான நிகழ்தகவைக் கூட்டவேண்டும். எடுத்துக்காட்டாக, மேற்குறித்த வழக்கு, ஏடு, புராணம் மூன்றுக்கும் முறையே 0.5, 0.8, 0.7 என மதிப்பளிப்போமாயின், எதிர்பார்க்கும் எண்ணிக்கை 3 அன்று, 2 ஆகும். வரம்பு 2 எனில் செய்தி தேறிவிடும்.

கூட்டலில் பிழையில்லை. ஆயின் மூன்றையும் தனித்தனிச் சாட்சிகளாகக் கொள்ளவியலுமா? ஒன்றையொன்று தழுவியவை எனின் நிற்பதும் வீழ்வதும் ஒருங்கேதான். மும்முறை கேட்பது ஒரே குரலாகலாம். கோயில் நிருவாகத்தின் உரிமைகளை நிலைநாட்டும் தேவையே அக்குரலைப் பேணியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இன்னொன்று: எண்ணப்படும் உருப்படிகளை வகுத்தோர் யார்? கோணேசர் கல்வெட்டில் உழைப்போர் தொழும்புக் கடமையின் பெயரால் மட்டுமே இடம்பெறுவர். ஊர்வழக்கிலோ அணையைக் கட்டியவை பூதங்கள். மண் சுமந்தோரின் எண்ணிக்கை சுழியம். வரம்பை எவ்வளவு தாழ்த்தினும் அவர்கள் பட்டியலில் ஏறார்.