வேரைக் காத்தால் பல்லைக் காக்கலாம்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் கடற்றொழிலாளருக்குப் பல்வலி ஒரு தனித் தொல்லையாகும். நள்ளிரவில் நடுக்கடலில் நிற்கும் வள்ளத்திலே பல் வைத்தியர் இல்லை. கராம்புத் தைலம் தோய்த்த பஞ்சும் வலி தணிக்கும் குளிகையுமே அங்குத் துணை. சில நாட்களில் வலி தானாகவே நின்றுவிட்டால், பல் குணமாயிற்று எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது.

பல் வெறுங் கல்லன்று. வெளியே வன்மை மிக்க மிளிரியும், அதனுள்ளே பன்முதலும், நடுவே மச்சை எனப்படும் மென்மையான இழையமும் அமைந்துள்ளன. மச்சையிலுள்ள இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வேர் நுனியின் நுண்துளை வழியாகத் தாடையோடு தொடர்புற்றிருக்கின்றன. சூத்தை ஆழமாகி மச்சையை எட்டியதும் கிருமிகள் உட்புகுகின்றன. மச்சை வீங்க முற்படும். சுற்றியுள்ள வன்சுவரோ இடங்கொடாது. ஆதலினாலேயே அவ்வலி தாங்கொணாததாகின்றது. நாளடைவில் மச்சை இறந்துபட, வலியும் ஓய்கின்றது. கிருமிகளோ ஓய்வதில்லை. அவை வேர் நுனியைக் கடந்து தாடையெலும்பில் சீழ்க்கட்டியை உண்டாக்கலாம்.

கிருமிகளே இவ்வழிவுக்கு மூலம் என்பதை 1965ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மூவர் தெளிவாக்கினர். கிருமியற்ற சூழலில் வளர்ந்த எலிகளின் பல்லைத் துளைத்து மச்சையைத் திறந்தபோதும் அது அழியாது ஆறியது. சாதாரண சூழலில் வளர்ந்த எலிகளிலோ மச்சை அழிந்துபட்டது.

எனவே, பல்லைப் பிடுங்காமல் கிருமிகளை அகற்றுவதே வேர்ச் சிகிச்சையின் நோக்கமாகும். வைத்தியர் முதலில் இடத்தை விறைக்கச் செய்து, பல்லின் மேற்புறத்தைத் துளைத்து, கெட்ட மச்சையை நீக்குவார். எக்ஸ்கதிர்ப் படத்தின் துணையால் வேரின் நீளத்தை அறிந்து, மெல்லிய அரங்களால் கால்வாயைத் துப்புரவாக்கி, கிருமி கொல்லும் கரைசலால் கழுவுவார். 1838இல் எட்வேட் மேனாட் என்பவர் கடிகாரச் சுருள்வில்லை அராவி இத்தகைய கருவியொன்றை ஆக்கினார் என்பர். இறுதியாக, கட்டாபேர்ச்சா எனும் மரப்பால் பொருளால் கால்வாய் அடைக்கப்படும். மலாய நாட்டு மரங்களிலிருந்து கிடைக்கும் இப்பொருள், நீர் புகாத தன்மையினால், முற்காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கும் உறையாயிற்று.

பலகை வள்ளத்திற்குக் கலப்பற்று அடைப்பதை அறிந்தவருக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். ஒரு பொருத்தை அடையாது விட்டாலும் வள்ளத்தினுள் நீர் புகும். அவ்வாறே ஒரு கால்வாயை விட்டுவிடினும் நோய் மீளும். கடைவாய்ப் பல்லில் மூன்று அல்லது நான்கு கால்வாய்கள் இருப்பது வழக்கம். ஆதலின் சிகிச்சை சில வேளைகளில் இரண்டு மூன்று தவணைகள் நீளும்.

இங்கேதான் பெருந்தவறு நேர்கின்றது. முதல் தவணையிலேயே வலி நீங்கிவிடுவதால், மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ நகருக்கு வருபவர், ஒருநாள் உழைப்பை இழக்க மனமின்றி, மறுமுறை வாராது விடக்கூடும். தற்காலிக அடைப்புத் தேய்ந்ததும் கிருமிகள் மீண்டும் குடியேறும். அப்பொழுது பல்லைப் பிடுங்குவதே வழியாகலாம்.

வேர் பிளந்த பல்லையும், தாங்கும் எலும்பு மிகத் தேய்ந்த பல்லையும் காப்பது அரிது. முகவீக்கத்துடன் காய்ச்சலோ, விழுங்குவதில் அல்லது மூச்சுவிடுவதில் இடரோ தோன்றின், அது உயிருக்கே ஆபத்தாகலாம். தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஏனையோர், வலி நின்ற பின்னரும் வைத்தியர் குறித்த நாளிற் சென்று, அடைப்பையும், தேவையாயின் மேலுறையையும் முடித்துக்கொள்ளுதலே பல்லைக் காக்கும் வழியாகும்.